சட்டம் போட்டு வாங்கும் கீரை

மதிய உணவுத் திட்டத்தின் அளவுப்படி, இந்தியாவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி கிடைக்க வேண்டும். இருநூறு பேர் சாப்பிடும் பள்ளி என்றால் தினமும் 10 கிலோ. வருஷத்துக்கு 220 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 2,200 கிலோ. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சத்துணவுக் கூடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருக்கும் நாலைந்து பாத்திகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு முருங்கை, இரண்டு பப்பாளி, ஓரமாகக் கறிவேப்பிலை, கொஞ்சம் தண்டுக்கீரை. கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் கிடைத்தால் அதுவே பெரிய காரியம்.

அதனால் தோட்டம் வீண் என்று ஆகிவிடாது. தான் நட்டு, தண்ணீர் ஊற்றி, பறித்துக் கொடுத்த கீரையைத் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைக்கும் பிள்ளைகள் குறைவு. 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பள்ளியின் வளாகத்தில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவக உரிமையாளர் தொடங்கி வைத்த தோட்டம் இன்று உலகப் புகழ் பெற்றது. பரப்பு ஏறக்குறைய ஒரு ஏக்கர். அங்கே விளைவது சமையல் வகுப்புக்குப் போகிறது; பிள்ளைகளே நறுக்கி, சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதாவது அது ஒரு பாடம். ஒரு முழுப் பள்ளியின் வயிற்றை வருஷம் முழுக்க நிரப்பும் வேலையை அதன் தலையில் கட்டினால் தோட்டமும் தோற்கும், சமையல்கூடமும் தோற்கும்.

வயிற்றை நிரப்பும் வேலைக்கு வேறு வழி கண்ட நாடு பிரேசில். அங்கே சுமார் 4 கோடிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள். திட்டம் 1955-இல் தொடங்கியது. நாட்டின் பசியை வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்து 1946-இல் புத்தகம் எழுதிய ஜோசுவே டி காஸ்ட்ரோ என்ற மருத்துவர் அதற்கு முன்பே பள்ளி உணவுக்காகக் குரல் கொடுத்து வந்தவர். ஆனால் தொடக்க காலத்தில் பிள்ளைகளின் குவளைக்கு வந்ததில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவியான பால் பவுடர். 1960-களில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. 'கேர்' அமைப்பு அனுப்பிய பால் பவுடரின் வாசனை இன்னும் பலருக்கு நினைவிருக்கும். பிறகு பிரேசிலில் ஆலைகளில் தயாரான சூப்புத் தூள் வகையறாக்கள் வந்தன. தலைநகரில் மொத்தமாக வாங்கி, கண்டம் போன்ற அந்த நாடு முழுவதற்கும் அனுப்பினார்கள். வாங்கும் பொறுப்பு மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் கைமாறியது 1994-இல்தான்.

உண்மையான திருப்பம் 2009 ஜூனில் வந்தது. 11,947 என்ற எண்ணுள்ள சட்டம், பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப உழவர்களிடம் நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும் என்றது. குடும்ப உழவர் என்றால் சிறிய நிலத்தில், பெரும்பாலும் வீட்டு ஆட்களின் உழைப்பிலேயே விவசாயம் செய்பவர்.

சதவீதத்தைவிட முக்கியமானது வாங்கும் முறை. வழக்கமான டெண்டரில் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்குத்தான் ஆர்டர். ஐந்து பாத்தி கீரை போட்டவர் மொத்த வியாபாரியோடு விலையில் மோத முடியுமா? எனவே இங்கே டெண்டரைத் தள்ளிவைத்து 'பொது அழைப்பு' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பள்ளிகளுக்குப் பொறுப்பான ஊட்டச்சத்து நிபுணர், வட்டாரத்தில் எந்தப் பருவத்தில் என்ன விளையும் என்று பார்த்து உணவுப் பட்டியல் போடுவார். சந்தை விலையை விசாரித்து, ஏற்றுக்கூலியும் சேர்த்து, விலையை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த விலைக்குத் தர முடிந்த உழவர்கள் வரலாம். முதல் உரிமை அதே ஊர்க்காரருக்கு, அடுத்தபடியாகப் பக்கத்து வட்டாரம், பிறகு மாநிலம். பழங்குடியினர், முன்னாள் அடிமைகளின் வழிவந்த கிலோம்போலா சமூகத்தார், நிலச்சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. இயற்கை முறையில் விளைந்ததற்கு 30 சதவீதம் வரை கூடுதலாகவும் கொடுக்கலாம். கிடைக்கிற பணம் பெரிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2023-இல் உயர்த்திய பிறகும் சாதாரணப் பள்ளி மாணவர் ஒருவருக்கு மத்திய அரசு தந்தது நாளுக்கு அரை ரியால். நம் பணத்தில் பத்து ரூபாய்கூட இல்லை. மீதியை மாநிலமும் நகராட்சியும்தான் போட வேண்டும்.

சட்டம் எங்கே முட்டிக்கொண்டது என்பதற்கு அமேசான் நல்ல உதாரணம். ஆற்றில் மீன், வீட்டில் மரவள்ளி மாவு, காட்டில் பழங்கள் என்று வாழும் பழங்குடி ஊர்களின் பள்ளிகளுக்கு நகரத்திலிருந்து படகில் போய்ச் சேர்ந்தது டின்னில் அடைத்த உணவும் பிஸ்கட்டும். ஊர் மீனை வாங்கலாமே என்றால், சுகாதாரத் துறையின் பதிவு வேண்டும், ரசீது வேண்டும். நடுக்காட்டில் எங்கே போய்ப் பதிவு வாங்குவது? 2017-இல் அமேசோனாஸ் மாநிலத்தில் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகமும் மற்ற துறைகளும் சேர்ந்து ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டன. விளைவிப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே குடும்பம். ஆகவே இது வீட்டுச் சாப்பாட்டுக்குச் சமம், வணிகப் பொருளுக்கான பதிவு தேவையில்லை என்பது அதன் சாரம். அப்பா பிடித்த மீனை மகள் பள்ளியில் சாப்பிட ஒரு சட்ட விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது!

நல்ல திட்டம் என்றால் திருடர்கள் வரமாட்டார்களா என்ன? 2016 ஜனவரியில் சாவ் பாவ்லோ மாநிலத்தில் போலீஸ் ஒரு மோசடியைத் தோண்டியெடுத்தது. குடும்ப உழவர்களின் கூட்டுறவு என்ற பெயரில் இயங்கிய ஒரு சங்கம் பள்ளிகளுக்கு ஆரஞ்சுச் சாற்றைக் கூடுதல் விலைக்கு விற்றதாகவும், அதற்காக லஞ்சம் கைமாறியதாகவும் குற்றச்சாட்டு. அதே ஆண்டு மே மாதம் மாணவர்கள் மாநிலச் சட்டமன்றத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டு விசாரணைக் குழு கேட்டார்கள். இத்தனைக்கும் ஒவ்வொரு ஊரிலும் பெற்றோர், ஆசிரியர்கள், பொது அமைப்புகளின் பிரதிநிதிகள் அடங்கிய பள்ளி உணவுக் குழு ஒன்று கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

இதற்காகத் திட்டத்தைச் சுருக்கவில்லை. குடும்பத்திடமிருந்து வாங்குவதில் குறைந்தது பாதியாவது வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்று 2023-இல் ஒரு திருத்தம் வந்தது. 2025-இல் இன்னொரு சட்டம், 2026 ஜனவரி முதல் குடும்ப உழவர்களுக்கான 30 சதவீதத்தை 45 ஆக உயர்த்தியது. ஆலைத் தயாரிப்பான தின்பண்டங்களுக்கான பங்கையும் படிப்படியாகக் குறைத்துவருகிறார்கள்.

திண்டாட்டம் பெருநகரங்களுக்குத்தான். சாவ் பாவ்லோ நகரில் பிள்ளைகள் லட்சக்கணக்கில். சுற்றுவட்டார உழவர்களோ கொஞ்சம். அதனால் அந்த நகரம் தென்கோடியில் உள்ள ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில், நிலச்சீர்திருத்தத்தில் நிலம் பெற்ற குடும்பங்களின் கூட்டுறவிடம் அரிசி வாங்கியிருக்கிறது. சாலை வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். உள்ளூர் அரிசி என்று அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் விளைவித்தவர்கள் குடும்ப உழவர்கள் என்பதால் சட்டத்தின் கணக்கில் அது சேர்ந்துவிடுகிறது.