மதுரையிலிருந்து திருவனந்தபுரம்: ஆகாய மார்க்கத்தின் கணக்கு

திருமங்கலத்தில் பிரிந்து, டி. கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியே சென்று, கடைசியில் ஆரியங்காவுக் கணவாயில் ஏறி இறங்கிக் கொல்லத்தைச் சேருகிற நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்தவர்களுக்கு, மலை வழிவிடும் இடம் வரையில் மனிதன் அதன் ஓரமாகவே போயாக வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகாய விமானத்துக்கு இந்த நிர்ப்பந்தம் கிடையாது, அது புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடத்துக்கு நூல் பிடித்தாற்போலப் பறந்துவிடும் என்பதே நம்மில் பெரும்பாலோருடைய எண்ணம். (மாட்டுவண்டிக்காக வாதாடிய காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிற கல்லுப்பட்டியிலிருந்து விமானத்தைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் லண்டனில் கணக்காய்வு பயின்றவரான அவர், கணக்குப் பார்ப்பதை ஆட்சேபித்திருக்க மாட்டார்.)

பெருங்குடியில் உள்ள மதுரை விமான நிலையத்துக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை, பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம் ஓரளவு ஞாபகத்தில் இருக்கிற எவரும் ஒரு துண்டுக் காகிதத்தில் கண்டுபிடித்துவிடலாம். மதுரையின் அட்சரேகை 9 பாகை 50 கலை, திருவனந்தபுரத்தினுடையது 8 பாகை 29 கலை. வித்தியாசம் 81 கலை. வடக்குத் தெற்காக ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், விமானிகள் இன்றளவும் கடல் மைலைக் கைவிடாததற்கு இந்தச் சௌகரியமே காரணம். தீர்க்கரேகையில் வித்தியாசம் 71 கலை. பூமத்திய ரேகையை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், நம் பிரதேசத்தில் அது சுமார் 70 கடல் மைலாகக் குறைகிறது. இவ்விரண்டையும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 107 கடல் மைல், ஏறத்தாழ 198 கிலோமீட்டர். பூமியின் வளைவு இவ்வளவு சிறிய தூரத்தில் பொருட்படுத்தத் தக்கதன்று. படத்தில் கோடு இழுத்துப் பார்த்தால் அது சிவகாசியை நெருங்கி, சங்கரன்கோவிலையும் தென்காசியையும் ஏறக்குறைய உச்சியிலேயே கடந்து, மலையைத் தாண்டி இறங்குகிறது.

ஆனால் அந்தக் கோட்டின்மேல் எந்த விமானமும் முழுக்கப் பறப்பதில்லை. மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது; அதன் முனைகளில் தீட்டியிருக்கும் 09, 27 என்ற எண்கள் 90 பாகை, 270 பாகை என்னும் திசைகளைக் குறிப்பவை. திருவனந்தபுரமோ தென்மேற்கே, 221 பாகையில் இருக்கிறது. காற்றை எதிர்த்தே எழும்பவும் இறங்கவும் வேண்டும் என்பது விமானத்தின் விதியாகையால், கீழைக் காற்று வீசும் நாளில் அது போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கிளம்புகிறது. மறுமுனையில் கடலோரத்து ஓடுபாதை தென்கிழக்கிலிருந்து வடமேற்காக அமைந்திருப்பதால், மேல்காற்றுக் காலத்தில், வடகிழக்கிலிருந்து வருகிற விமானம் தெற்கே சுற்றித் திரும்பிய பிறகே இறங்க முடியும்.

இடையில் மலை இருக்கிறது. மலைப் பிரதேசத்தில், கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம் சுற்றுப்புறத்தின் மிக உயர்ந்த சிகரத்துக்கு மேல் 2,000 அடியாவது இடைவெளி வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச நியதி. அதன் அவசியத்தை நம் ஜில்லா வெகு துக்ககரமாக அறிந்ததுண்டு. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், அன்று மதுரை மாவட்டத்தில் சேர்ந்திருந்த சின்னமனூர் அருகே மலையில் மோதியது; அதிலிருந்த 31 பேரில் 21 பேர் மாண்டனர். சின்னமனூர் மதுரைக்கு ஏறக்குறைய நேர் மேற்கே இருப்பது. நாம் இழுத்த கோட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அதிகமாக விலகியது. காகிதத்து மார்க்கத்துக்கும் ஆகாயத்து மார்க்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி உண்டாகக்கூடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

நேரத்தின் கதையும் இப்படித்தான். மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கிற ஏ.டி.ஆர். விமானத்துக்கு 198 கிலோமீட்டர் 24 நிமிஷ வேலை என்று வகுத்துவிடலாம்; வகுத்தது தவறில்லை, பிரயாணந்தான் அப்படி நடப்பதில்லை. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் வாய்ப்பாடு. 12,000 அடி உயரத்திலிருந்து இறங்க 36 கடல் மைல் போய்விடும், ஏறுவதற்கு ஏறத்தாழ முப்பது. மிச்சமுள்ள நாற்பதுக்குள்தான் அது தன் முழு வேகத்தில் செல்ல முடியும். இறங்க முடியாமற்போனால் வேறு நிலையத்துக்குப் போகவும், அங்கே மேலும் 30 நிமிஷம் வட்டமிடவும் எரிபொருள் கொண்டே புறப்பட வேண்டுமாகையால், இத்தகைய குறும்பிரயாணங்களில் செலவழிப்பதைவிடச் சுமந்து செல்வதே அதிகமாய் இருப்பதில் வியப்பில்லை. நல்ல சாலையும் ரயிலும் உள்ள இரு ஊர்களுக்கு நடுவே விமானப் போக்குவரத்து லாபகரமாக நடப்பது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடல் குறுக்கிட்டால் விஷயம் வேறு. திருச்சிராப்பள்ளிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே, மேற்சொன்ன முறைப்படியே கணக்கிட்டால் சுமார் 184 கிலோமீட்டர்தான், மதுரை–திருவனந்தபுரத்தைவிடக் குறைவு. அங்கே 2025 மார்ச் 30 முதல் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் போய்வரத் தொடங்கியது. வழியில் மலை இல்லை. பாக் ஜலசந்தியின் மேல் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுக் கொழும்புக் கட்டுப்பாட்டுக்குள் பிரவேசிப்பதுதான் நடுவில் நடக்கும் ஒரே சம்பவம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போகிறவர்களுக்கோ, கடலிலேயே ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழிகிறது.