மலாக்கா கோட்டையும் எஞ்சிய வாயிலும்

தோட்டப் பள்ளிகளிலிருந்து மலாக்கா நகருக்குக் கல்விச் சுற்றுலா வரும் மாணவர்கள் சாந்தியாகோ வாயிலின் முன் நின்று இரண்டு வினாக்களை எழுப்புவதுண்டு. கடற்கோட்டை என்றால் கடல் எங்கே? போர்த்துக்கீசியர் கட்டியதாயின், வாயிலின்மேல் 1670 என்னும் ஆண்டு எவ்வாறு வந்தது?

1511-ஆம் ஆண்டில் அல்புகர்க்கு தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் சுல்தான் மகமூதின் படையை வென்று மலாக்காவைக் கைப்பற்றினர். ஆற்றின் கழிமுகத்தருகே, குன்றின் அடியில் கோட்டை எழுப்பினர். அதற்கு 'ஆ ஃபமோசா', அதாவது 'புகழ் பெற்றது' என்று பெயர். அந்நாளில் அது கடலோரத்திலேயே நின்றது. பிற்காலத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால், இன்று வாயிலுக்கும் கடலுக்கும் இடையே கடைத்தெருக்கள் பரந்து கிடக்கின்றன.

இவ்வரலாற்றில் நம்மவர்க்கும் பங்குண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து 'கெலிங்' எனப்பட்ட வணிகருள் நைனா சட்டு என்பவர் முதன்மையானவர். 1509-இல் வந்து இங்குச் சிறைப்பட்ட போர்த்துக்கீசியர்க்கு அவர் உதவினார். 1511-க்குப் பின் அவரைப் பெண்டஹாராவாக அமர்த்தினர். 1514-இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்கு அளிக்க முற்பட்டபோது, அவமானம் பொறாது அவர் தீப்புகுந்து மாண்டார் எனப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அவரைத் துரோகி என்று இகழ்வதும் வீரர் என்று புகழ்வதும் எளிது. வணிகத்தின் பொருட்டு வந்தவனுக்குத் துணை நின்று, அவன் தேவை தீர்ந்ததும் கைவிடப்பட்டவர் என்பதே பொருத்தமாகும்.

ஒல்லாந்தர் ஜொகூர் அரசின் துணையோடு பல திங்கள் முற்றுகையிட்டு, 1641 சனவரியில் கோட்டையைப் பிடித்தனர். சிதைந்த மதில்களைச் செப்பனிட்டு, 1670-இல் தங்கள் கம்பெனியின் சின்னத்தையும் ஆண்டையும் வாயிலில் பொறித்தனர். ஆகவே அவ்வாண்டு பழுது பார்த்த ஆண்டேயன்றிக் கட்டிய ஆண்டன்று.

1795-இல் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஒல்லாந்தரிடம் மீண்டும் ஒப்படைக்க நேர்ந்தால், வலிய கோட்டையுடைய இந்நகர் பினாங்கின் வணிகத்துக்குப் போட்டியாகும் என அஞ்சி, 1807-இல் மதில்களை இடிக்கத் தொடங்கினர். கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் அசையாத மதில்களை வெடிமருந்து வைத்தே தகர்த்தனர். இதனை விரிவாக எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா (பிறப்பு 1796). வணிகக் கணக்குக்குப் பயன்படும் என்று இளமையில் தமிழ் கற்பிக்கப்பட்டதை அவரே தம் நூலில் குறிக்கின்றார். மலாக்காவில் தமிழ் ஒரு காலத்தில் பிறரும் விரும்பிக் கற்ற வணிக மொழியாயிருந்தமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1808-இல் இங்கு வந்த இராபிள்ஸ் மலாக்காவைக் கைவிடலாகாதென அறிக்கை எழுதினார். இந்த வாயில் தப்பியதும் அவர் முயற்சியால் என்பர். 2006-இல் கட்டடப் பணிக்காகத் தோண்டியபோது மிடில்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. பின்னர் அக்கொத்தளம் மீண்டும் கட்டப்பட்டுள்ளது. 2008-இல் மலாக்கா நகர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மாணவரை வாயிலின் முன் நிறுத்திப் படமெடுத்துத் திரும்புவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பொறித்த ஆண்டைப் படிக்கச் செய்து, யார் கட்டினர், யார் புதுப்பித்தனர், யார் எதற்காக இடித்தனர் என்று அவர்களையே சொல்லச் செய்தல் வேண்டும். நைனா சட்டுவின் பெயரும், அப்துல்லா கற்ற தமிழும் அவ்விடத்தில் நம் பிள்ளைகளின் காதில் விழட்டும். பாடநூலின் அயலார் வரலாறாகத் தோன்றியது, தங்கள் முன்னோரும் நடமாடிய துறைமுகத்தின் வரலாறு என்பதை அவர்கள் அங்கேயே உணர்வார்கள்.