சிசுக்களுக்குக் கண்படல மாற்றுச் சிகிச்சை

கண்ணின் முன்னே, கடிகாரத்தின் கண்ணாடிபோல் நின்று ஒளியை உட்செலுத்துவது கருவிழிப் படலம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், பிறருடைய படலத்தையும் உடம்பு பெரும்பாலும் பகையாது ஏற்கும். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, மொராவியாவில் ஓலமூட்ஸ் நகரத்து வைத்தியர் எட்வர்ட் சிர்ம், காயத்தால் அகற்றப்பட்ட ஒரு சிறுவனது கண்ணின் படலத்தைச் சுண்ணாம்பினால் கண் வெந்த தொழிலாளி ஒருவருக்குப் பொருத்தினார். அவருக்கு ஒரு கண்ணிற் பார்வை மீண்டது. சிறுவன் படலம் பெரியவர்க்கு இவ்வாறு பயன்பட்டதாயினும், சிசுக்களுக்குப் படலம் பொருத்துவது பின்னும் அரிய காரியம்.

சில சிசுக்கள் வெண்மை படர்ந்த படலத்தோடே பிறக்கின்றன. வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாகாதோ எனின், ஆகாது. ஹியூபல், வீசல் என்னும் அறிஞர் இருவர் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பூனைக்குட்டியின் ஓர் இமையைச் சில மாதங்கள் தைத்து வைத்துப் பின் திறந்தனர். கண் பழுதின்றி இருந்தும் மூளை அதனைப் பொருட்படுத்தவில்லை. வளர்ந்த பூனைக்கோ அத்தீங்கு நேர்ந்திலது. காணக் கற்கும் பருவம் ஒன்றுண்டு, அது காத்திராது.

ஆயின் விரைந்து செய்வதிலும் இடருண்டு. சிசுவின் கண்சுவர் மிக மென்மையானது. படலத்தை வெட்டியவுடன் உள்ளிருக்கும் லென்ஸ் முன்னே தள்ளிவரும். புதுப் படலத்தை உடம்பு பகைத்துத் தள்ளுவதும் இவ்வயதில் மிகுதி. தையல்கள் சில வாரங்களிலேயே தளரும். அவற்றை நீக்கவும் கண்ணைச் சோதிக்கவும் பன்முறை மயக்கமருந்து கொடுக்கவேண்டும். ஒரு கண் நன்றாயிருப்பின் மற்றதைத் தொடாமல் விடும் வைத்தியரும் உளர். அதனைக் கோழைமை என்று கூறோம். சிகிச்சை செய்தாலோ, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மூடி, மற்றதைப் பழக்குவது பெற்றோர் வேலை. குழந்தை அழுது கட்டைப் பிய்த்தெறியும். தாய் மறுபடியும் ஒட்டுவாள்.