உப்பு கரைகிறது, பல்லாவரத்துக் கல் ஏன் கரைவதில்லை?

கேளம்பாக்கத்து உப்பளத்தில் விளைந்த உப்பை ஒரு கை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள், காணாமல் போய்விடும். பல்லாவரத்துக் கருங்கல்லோ எத்தனை ஐப்பசி மழையில் நனைந்தாலும் அப்படியே கிடக்கிறது. இரண்டும் அணுக்களால் ஆனவைதானே?

விடை, அணுவின் வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்களில் இருக்கிறது. பள்ளியில் படித்த அதே இணைதிறன் எலக்ட்ரான்கள்தான். அந்தக் கூட்டில் எட்டு நிறைந்தால் இந்த அணுக்கள் நிலைபெறும்.

சோடியத்திடம் ஒன்று, குளோரினிடம் ஏழு. சோடியம் தன்னிடமுள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாகிறது. வாங்கிய குளோரின் எதிர்மின் அயனியாகிறது. எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பில் ஒட்டியிருப்பதுதான் உப்பு. நீர் மூலக்கூறுக்கும் இரு மின்முனைகள் உண்டு. நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொண்டு பிரித்து இழுத்துப் போகின்றன.

கல்லின் கதை வேறு. அதில் சிலிக்கானும் ஆக்சிஜனும் முக்கியமானவை. சிலிக்கானிடம் இருப்பவை நான்கு. முழுவதையும் கொடுப்பதும் கடினம், இன்னும் நான்கு வாங்குவதும் கடினம். அதனால் பகிர்ந்துகொள்கிறது. தாம்பரத்தின் நெருக்கமான தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர் பொதுவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டை மட்டும் தனியே பெயர்க்க முடியுமா? சுவரையே இடிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிக்கானுக்கும் நான்கு பக்கமும் இப்படி ஆக்சிஜனோடு பொதுச்சுவர்! சாதாரணத் தண்ணீருக்கு அவற்றை இடிக்கும் வலு இல்லை.

இந்தக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இதே வகைக் கல் இருப்பதைக் கண்டு, 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சூட்டியது. பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.