"கொஞ்சம் சிக்கல்" என்றார் தளபதி: 500 வீரர்கள் சிறைபிடிப்பு!

இங்கிலீஷில் சொன்னவருக்கு ஒரு அர்த்தம். கேட்டவருக்கு வேறு அர்த்தம். நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு பட்டாளம்!

கொரியா போரில், 1951-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்தது இது. விவரம் வருமாறு:-

இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படை காவல் இருந்தது. 22-ந்தேதி இரவு சீனப்படை ஆற்றைக் கடந்து பாய்ந்தது. குளோஸ்டர் பட்டாளத்தை, பல மடங்கு பெரிய படை சுற்றி வளைத்தது. 235-ம் எண் குன்றில் ஏறி நின்று வீரர்கள் போராடினார்கள். தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்துகொண்டே வந்தது.

"நிலைமை எப்படி?" என்று அமெரிக்க ஜெனரல் ராபர்ட் சோல் கேட்டார். பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி, "ஏ பிட் ஸ்டிக்கி, ப்ரிட்டி ஸ்டிக்கி" என்று சொன்னாராம். "ஸ்டிக்கி" என்றால் பிசுபிசுப்பு. இங்கே சிக்கல் என்று பொருள்.

"வெரி"யா? "ப்ரிட்டி"யா?

இரண்டுமே "ரொம்ப" மாதிரிதான் தெரியும். ஆனால் "வெரி" என்றால் நேராக "ரொம்ப". "ப்ரிட்டி" அதற்கு ஒரு படி கீழே. "ஓரளவு நல்லாவே" என்ற ரகம்.

பிரிட்டிஷ் அதிகாரிகள் எதையும் அடக்கித்தான் பேசுவார்கள். வீடே பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் சூடு" என்கிற ஆசாமிகள்! பிரோடி தன் கணக்கில் பெரிய ஆபத்தைத்தான் சொன்னார். அமெரிக்கர் காதிலோ "கஷ்டம்தான், சமாளிச்சுக்குவாங்க" என்று விழுந்தது. பின்வாங்கும் உத்தரவு உடனே வரவில்லை.

25-ந்தேதி கதை முடிந்தது. 500-க்கும் மேற்பட்டோர் சிறைபட்டார்கள். தப்பியவர்கள் சுமார் 40 பேர்தான். பட்டாளத் தலைவர் கார்ன் 1953 வரை சிறையில் இருந்தார். திரும்பியதும் அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது.

ஒரு வார்த்தையால்தான் தோற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. வந்த படை அப்படி! ஆனாலும் உதவி கேட்டது உதவி கேட்ட மாதிரியே இல்லை.

"குவைட்" இதைவிட மோசம். அமெரிக்கர் "குவைட் குட்" என்றால் பெரும்பாலும் ரொம்ப நல்லது. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் "பரவாயில்லை". அதே பிரிட்டிஷ்காரர் "குவைட் டெட்" என்றாலோ, ஆள் முழுசாகவே செத்துவிட்டார்!

வெளிநாட்டு கம்பெனியிலிருந்து "உங்கள் சரக்கு குவைட் குட்" என்று கடிதம் வந்தால், சந்தோஷப்படும் முன் கையெழுத்து போட்டவர் லண்டனா, நியூயார்க்கா என்று பார்ப்பது நல்லது.