ஜோடியா கினி பிக் வாங்கப் போறீங்களா? பெண்ணோட வயசை முதல்ல கேளுங்க!

“ஜோடியா எடுத்துக்கோங்க சார், சீக்கிரமே குட்டி போட்டுடும்...” பெட் ஷாப்பில் கினி பிக் பார்க்கப் போனால் காதில் விழும் வசனம் இது. கலர் பார்ப்போம், விலை கேட்போம், கூண்டோடு வாங்கிட்டு வந்துடுவோம். ஆனா அந்தப் பெண் கினி பிக்கின் வயசு என்னன்னு கேட்கிறவங்க குறைவு. அது பிரசவத்தில் பிழைக்குமா என்பதே பெரும்பாலும் அந்த வயசில்தான் இருக்கு.

வயசுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்?

எலிக்குட்டி மாதிரி கண் திறக்காம, ரோமம் இல்லாம கினி பிக் குட்டி பிறக்காது. ரோமம், பல், திறந்த கண் என எல்லாத்தோடயும் பிறக்கும். முதல் நாளே புல்லைக் கடிச்சுப் பார்க்கும். அதனாலதான் கர்ப்ப காலமும் நீளம், 59 முதல் 72 நாட்கள் வரை. இவ்வளவு வளர்ந்த குட்டி வெளியே வரணும்னா, தாயின் இடுப்பெலும்பு முன்பக்கம் இணையும் இடம் நெகிழ்ந்து விலகிக் கொடுக்கணும்.

சிக்கலே இங்கதான். 6 அல்லது 7 மாத வயசுக்குள் ஒரு தடவைகூட குட்டி போடாத பெண்ணுக்கு அந்த இணைப்பு இறுகிடும். அதுக்குப் பிறகு கர்ப்பமானால் குட்டி வெளியே வர வழியில்லாம சிக்கிக்கும். சிசேரியன் செய்யலாம், ஆனா இவ்வளவு சின்ன உயிருக்கு அது ரொம்பவே ஆபத்தானது.

கணக்கு போட்டுப் பாருங்க. 7 மாதத்துக்குள் பிரசவம் முடியணும், கர்ப்பமே 2 மாதத்துக்கு மேல. அப்போ நாலு, நாலரை மாதத்துக்குள் இணை சேர்ந்திருக்கணும். மறுபக்கம், பெண் கினி பிக் ஒண்ணு, ஒன்றரை மாதத்திலேயே கர்ப்பமாகிடும். அந்த வயசில் அதுவே குட்டி, உடம்பு தாங்காது. ஆக, சரியான காலம் 3 மாதத்தில் தொடங்கி வெறும் சில வாரங்கள்தான். வயசு தெரியாத, வளர்ந்த பெண்ணா இருந்தா ஆணோடு விடவே கூடாது.

ஆணை எப்போ பிரிக்கணும்?

பிரசவத்துக்கு முன்னாடியே. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் மறுபடியும் கர்ப்பமாகத் தயாராகிடும். ஆண் அதே கூண்டில் இருந்தால் ஓய்வே கிடையாது. இப்படியே விட்டால் வருஷத்துக்கு 5 பிரசவம். ஒரு தடவைக்கு 3 குட்டின்னு வெச்சாலே 15 ஆச்சு. பால் குடிக்க தாய்க்கு இருப்பதோ 2 காம்புகள்தான்.

ஆண் குட்டிகளை 3 வாரத்தில் தனியா எடுத்துடணும். தாயோடும் அக்கா தங்கையோடும் விட்டு வைத்தால் அடுத்த கர்ப்பம் அங்கிருந்தே தொடங்கும்.

நெல்லிக்காய் ஏன் முக்கியம்?

மனுஷங்களைப் போலவே கினி பிக் உடம்பும் வைட்டமின் சி-யை தானா உருவாக்காது. ஒரு கிலோ எடைக்கு தினமும் 10 மில்லிகிராம் வரை தேவை, கர்ப்பத்தில் 30 வரை. நெல்லிக்காய், கொய்யா, குடைமிளகாய், கொத்தமல்லித் தழை எல்லாம் நம்ம ஊர்லயே கிடைக்கும். கடையில் தரும் முயல் தீவனத்தை நம்பாதீங்க, அதில் இந்த வைட்டமின் சேர்க்க மாட்டாங்க. முக்கிய உணவு எப்பவும் புல்தான். கர்ப்ப காலத்தில் குதிரை மசாலும் சேர்க்கலாம்.

குண்டான பெண்ணுக்கு கடைசி வாரங்களில் தனி ஆபத்து உண்டு. திடீர்னு சாப்பிடாம சுருண்டு படுத்தால் அன்னைக்கே கால்நடை மருத்துவர்கிட்ட காட்டணும். பிரசவ நேரத்தில் 20 நிமிஷம் தொடர்ந்து முக்கியும் குட்டி வரலைன்னாலும் அதேதான். நம்ம ஊர் வெயிலும் இதுக்கு எதிரி. 27 டிகிரி தாண்டினாலே கர்ப்பிணி கினி பிக் தவிக்கும். மாடியில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டு வைப்பது கொடுமை.

கலர் பார்த்து ஜோடி சேர்க்கலாமா?

உடல் முழுக்க வெள்ளை ரோமம் கலந்த ‘ரோன்’, புள்ளி புள்ளியா இருக்கும் ‘டால்மேஷன்’ வகைகளை ஒண்ணோடு ஒண்ணு சேர்த்தால், சராசரியா நாலில் ஒரு குட்டி கண், பல் குறைபாட்டோடு வெள்ளையா பிறக்கும். பல குட்டிகள் பிழைக்காது.

பிறக்கும் குட்டிகளை என்ன பண்றது என்பது இன்னொரு கேள்வி. “வித்துடலாம்”னு நினைச்சா, 2018-ம் ஆண்டின் பெட் ஷாப் விதிகளில் செல்லப்பிராணிகள் பட்டியலில் கினி பிக்கும் இருக்கு. விற்பனையைத் தொழிலா செய்ய மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யணும்.

துணைக்குத்தான் ஜோடி வேணும்னா, ரெண்டு பெண்களை வளர்க்கலாம். தனியா விட்டால் கினி பிக் வாடிப் போகும் என்பது உண்மைதான், அதுக்கு ஆண்தான் வேணும்னு இல்லை. ஆனா கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாம, ஆணா பெண்ணான்னு மருத்துவர்கிட்ட ஒரு தடவை உறுதி செஞ்சுக்கோங்க. சின்ன வயசில் கண்டுபிடிப்பது கஷ்டம், தப்பாகிடும்.

ஏற்கனவே வாங்கியாச்சா? கடையில் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்திருந்தால், வீட்டுக்கு வரும்போதே அது கர்ப்பமா இருக்கலாம். சமையலறை தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைங்க. அடுத்த 10 வாரத்துக்கு வயிற்றை அழுத்தித் தூக்காதீங்க.