வேகமாக எடுத்தால் படம் கலங்கும்: எம்.ஆர்.ஐ. ஸ்கான் பற்றி அறிந்துகொள்வோம்

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கவேண்டும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்ததும் நிலாவெளிப் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அந்தக் குழாய்க்குள்ள எவ்வளவு நேரம் கிடக்கவேணும், தங்கச்சி?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. உள்ளே எழும் 'டக் டக்' சத்தம் சிலவேளைகளில் 100 டெசிபலையும் தாண்டும். ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்கு, ஒடுக்கமான இடமும் விடாத சத்தமும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்காமல் இருக்குமா?

அப்படியானால் இன்னும் வேகமாக எடுக்கக்கூடாதா? எடுக்கலாம். ஆனால் படம் கலங்கும்.

இந்த ஸ்கானில் எக்ஸ்ரே கதிர் இல்லை. பெரிய காந்தம் ஒன்றுதான். பல வைத்தியசாலைகளில் உள்ள 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு பலமுள்ளது. அதற்குள் நம் உடம்பிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கள் மிக மெல்லிய வானொலி அலைகளை வெளிவிடுகின்றன. அவற்றைப் பிடித்துக் கணனி படமாக்குகிறது. சத்தம் போடுவது உள்ளேயிருக்கும் மின்கம்பிச் சுருள்கள். காதுக்கு அடைப்பான் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

போர்க்காலத்தில் வானொலியில் செய்தி கேட்டது நினைவிருக்கும். குரல் மெல்லியதாக வரும், 'கர்ர்' என்ற இரைச்சல் அதை மூடும். ஸ்கான் படத்திலும் அப்படித்தான். உடம்பின் சூட்டிலிருந்தும் கருவியிலிருந்தும் வரும் இரைச்சல் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். ஒரே அலையைத் திரும்பத் திரும்பப் பதிந்து கூட்டினால் இரைச்சல் அமுங்கும். நாலு மடங்கு நேரம் எடுத்தால் இரைச்சல் பாதியாகும். நேரத்தைக் கால்வாசியாக்கினால் இரண்டு மடங்காகும். முழங்கால் என்றால் பொறுமையாகப் பதியலாம். துடிக்கும் இதயம் நமக்காக நிற்காதே! அதனால்தான் மூச்சை 10, 15 விநாடி அடக்கச் சொல்கிறார்கள். நோயாளிக்கு அதுவே பெரும்பாடு.

இதற்கு வழி கணக்கிலிருந்து வந்தது. 1999 இல் சூரிச் ஆய்வாளர்கள் உடம்பைச் சுற்றிப் பல சிறு அன்ரனாக்களை வைத்து ஒரே நேரத்தில் பதிந்து நேரத்தைக் குறைத்தார்கள். 2007 இல் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தார், அலைகளை ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டுப் பதிந்தால் விடுபட்டவற்றால் வரும் கலக்கமும் இரைச்சல்போலச் சிதறிவிடும், பிறகு இரண்டையும் சேர்த்தே நீக்கலாம் என்று காட்டினார்கள்.

அசையும் படத்துக்கு இன்னொரு வசதி உண்டு. நம் கரையில் நின்று புறாத்தீவைப் பாருங்கள். தீவு நின்ற இடத்தில் நிற்கும், வள்ளம் மட்டும் நகரும். நெஞ்சுப் படத்திலும் முதுகெலும்பு அசையாது, இதயம் அசையும். நிற்பதை ஒருபுறமும் அசைவதை மறுபுறமும் கணனி பிரித்தெடுக்கும். இரண்டிலும் சேராமல், படத்துக்குப் படம் தாறுமாறாக மினுங்குவதே இரைச்சல், அதைத் தள்ளிவிடும். 2015 இல் நியூயோர்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இந்த வகையானது. இப்போது செயற்கை நுண்ணறிவும் இந்த வேலைக்கு வந்துவிட்டது.

அளவுக்கு மீறித் துடைத்தால் சின்ன நோய் அடையாளமும் சேர்ந்து அழிந்துபோகும். ஆகவே, படம் பளிச்சென்று இருப்பதை மட்டும் வைத்து அதை நல்ல படம் என்று சொல்லமுடியாது. அதை வாசிக்கத் தெரிந்த வைத்தியரின் கண் வேண்டும்.

எங்களுக்கு இதைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. உங்களில் பலருடைய உடம்பில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. இரும்பு கலந்த துண்டைக் காந்தம் இழுக்கும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தால் பேராபத்து. 2018 இல் மும்பை நாயர் மருத்துவமனையில் ஒட்சிசன் உருளையோடு அந்த அறைக்குள் போன இளைஞர் ஒருவர் காந்தத்தால் இழுபட்டு இறந்தார். துண்டைச் சுற்றிப் படமும் கறுப்பாக விழும்; நான் மேலே சொன்ன இரைச்சல் நீக்கும் கணக்கால் அதை மீட்கமுடியாது. எல்லாத் துண்டும் ஆபத்தானதல்ல. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வைத்தியர் முடிவு சொல்வார். தேவையானால் வேறு ஸ்கானுக்கு மாற்றுவார்.

வெட்கத்தாலோ, எங்கே காயப்பட்டாய் என்று விசாரிப்பார்கள் என்ற பயத்தாலோ சிலர் இதை மறைக்கிறார்கள். 'உடம்பில் துண்டு இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் போதும், எப்படி வந்தது என்ற கதை அவர்களுக்குத் தேவையில்லை. படிவம் விளங்காவிட்டால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தாலிக்கொடி, காப்பு, சட்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி, கூட வருபவரிடம் கொடுங்கள். உள்ளே போகும்போது கையில் ஓர் அழுத்தும் பந்து தருவார்கள். தாங்கமுடியாவிட்டால் அதை அழுத்தலாம். உடனே நிறுத்தி வெளியே எடுப்பார்கள்.